எக்ஸ்பி கணினியைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினிகளை உடனே மாற்றிவிட வேண்டும், புதிய மென்பொருள் எதுவும் இனி அவற்றில் ஓடாது என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கம் சொல்கிறது. வீட்டுக் கணினிக்கு அது சரியான யோசனை. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பவரைத் தடுத்து நிறுத்துவதே நல்லது. ஆனால் எடைமேடையோடும் லேத்தோடும் பரிசோதனைக் கருவியோடும் பிணைந்து கிடக்கும் எக்ஸ்பி கணினிகளின் கதை வேறு. கருவியை இணைக்கும் கார்டை இயக்குகிற டிரைவர் நிரல் எக்ஸ்பிக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அங்கே கணினியை மாற்றுவது என்றால் கருவியையே மாற்றுவது. செலவு லட்சக்கணக்கில் போகும்.

"புதிய மென்பொருள் ஓடாது" என்பதும் பாதிதான் உண்மை. மூலநிரல் (மனிதர் எழுதிய வடிவம்) திறந்து கிடக்கும் மென்பொருளை எக்ஸ்பிக்கென்று மறுபடி கம்பைல் செய்ய, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற, முடியும். சி மொழியில் எழுதிய சின்ன நிரல்களில் குறுக்கே நிற்பவை பெரும்பாலும் எக்ஸ்பியில் இல்லாத, விரல்விட்டு எண்ணக்கூடிய விண்டோஸ் ஃபங்ஷன்கள் (நிரல் அழைத்துப் பயன்படுத்தும் சின்னச் செயல்கள்) தான்.

இப்படிப்பட்ட இடங்களில் தேவை என்னவோ ஒன்றே ஒன்று: அன்றைய கோப்பை எக்ஸ்பியிலிருந்து அலுவலக சர்வருக்கு அனுப்ப வேண்டும். பழைய வழி விண்டோஸ் ஃபைல் ஷேரிங். அதில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி-1 என்ற பழைய நெறிமுறை மட்டும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸ் சர்வர்களில் ஃபைல் ஷேரிங் தரும் சாம்பாவும் 2019-இல் 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது. உடனே நம்மவர்கள் செய்வது, புதிய சர்வரில் எஸ்எம்பி-1-ஐத் திரும்ப முடுக்கிவிடுவது. ஒரு பழைய கணினிக்காக மொத்த அலுவலகத்தின் கதவையும் திறந்து வைக்கிற வேலை இது. இதற்குப் பதில், நெட்வொர்க்கில் கோப்புகளை அனுப்பும் கர்ல் நிரலை எக்ஸ்பிக்குக் கம்பைல் செய்து, எஸ்எஃப்டிபி, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான வழிகளில் ஒன்றில் கோப்பைத் தள்ளிவிடலாம். கர்ல், அதற்கு மறையாக்கம் தரும் எம்பெட்-டிஎல்எஸ் நூலகம், எஸ்எஃப்டிபி தரும் லிப்-எஸ்எஸ்எச்2 நூலகம் மூன்றும் சி மொழியில் எழுதியவை. ஒரே எக்ஸ்இ (ஓட்டக்கூடிய நிரல்) கோப்புக்குள் அடங்கிவிடும்.

எந்த மென்பொருளை எடுப்பது என்பதில் முதலில் பார்க்க வேண்டியது மொழி. கோ மொழியில் எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பு 1.10. பைத்தானில் 3.4. ரஸ்டின் நூலகமும் எக்ஸ்பியை விட்டுவிட்டது. இந்த மொழிகளில் எழுதியதைக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் மொழியையே கொண்டுவர வேண்டும். அது ஆகிற காரியமில்லை. ஓடும் நிரல் தன்னையே நகலெடுக்கும் யூனிக்ஸின் ஃபோர்க் வசதியை நம்பியிருக்கும், கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் போன்றவற்றுக்கு, அந்த வசதியை விண்டோஸில் தரும் சிக்வின் தேவை. அதில் எக்ஸ்பிக்குக் கடைசியாக உதவியது 2.5.2. பிரவுசரை நினைக்கவே வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் 2018-இல் 52.9-உடன் எக்ஸ்பியிலிருந்து விடைபெற்றது நல்லதற்கே.

கம்பைல் செய்வதை எக்ஸ்பியில் வைத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸ் கணினியில், விண்டோஸ் நிரல்களை உருவாக்கும் மிங்-டபிள்யூ64-இன் 32-பிட் டூல்செயினை (கம்பைலரும் துணை நூலகங்களும் சேர்ந்த தொகுப்பை) கட்டி, அங்கிருந்து எக்ஸ்பிக்கான எக்ஸ்இயை எடுப்பதே வசதி. இங்கே இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இலக்கு விண்டோஸ் எது என்று கம்பைலருக்குச் சொல்லும் மேக்ரோ, அதாவது பெயரிட்ட மதிப்பு. எக்ஸ்பிக்கு அதன் மதிப்பு பதினாறடிமானத்தில் 0501, விஸ்டாவுக்கு 0600. மிங்-டபிள்யூ64-இன் அண்மைப் பதிப்புகள் விண்டோஸ் 10 என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, சி ரன்டைம், அதாவது சி நிரல்கள் ஓடும்போது சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். 2024-இல் வந்த மிங்-டபிள்யூ64-இன் 12-ஆம் பதிப்பிலிருந்து யூசிஆர்டி என்ற புதிய ரன்டைம் தானாக வருகிறது. நமக்கு வேண்டியது எக்ஸ்பியின் உள்ளேயே இருக்கும் பழைய எம்எஸ்விசிஆர்டி. இரண்டையும் கர்லைக் கம்பைல் செய்யும்போது மட்டும் மாற்றினால் போதாது. டூல்செயினைக் கட்டும்போதே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலரோடு ஒட்டி வரும் நூலகங்கள் புதிய விண்டோஸை எதிர்பார்த்தபடியே உள்ளே நுழைந்துவிடும்.

எக்ஸ்இ கிடைத்ததும் அதை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். லினக்ஸிலேயே ஆப்ஜ்டம்ப் கட்டளையைச் சிறிய 'பி' (-p) என்ற சுவிட்சோடு ஓட்டினால், அந்த எக்ஸ்இ எந்த டிஎல்எல்லிலிருந்து (நிரல்கள் பகிரும் நூலகக் கோப்பு) எந்த ஃபங்ஷனைக் கேட்கிறது என்ற பட்டியல் வரும். கெர்னல்32, அட்வபி32 (advapi32), டபிள்யூஎஸ்2_32, எம்எஸ்விசிஆர்டி ஆகியவை எக்ஸ்பியிலும் உண்டு; அவற்றிடம் கேட்கும் ஃபங்ஷன்கள் அதில் இருக்கும்வரை பயமில்லை. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் பெயர் தென்பட்டால் யூசிஆர்டி புகுந்துவிட்டது. 'லிப்ஜிசிசி' என்று ஒன்று இருந்தால் ஸ்டாட்டிக் லிங்க் செய்ய (நூலகத்தை எக்ஸ்இக்குள்ளேயே சேர்க்க) மறந்தாயிற்று. 'பிகிரிப்ட்' இருந்தால் அது விஸ்டாவில் பிறந்த டிஎல்எல், எக்ஸ்பியில் கிடையாது. லிப்-எஸ்எஸ்எச்2-ஐ விண்டோஸின் சிஎன்ஜி என்ற மறையாக்கப் பின்புலத்தோடு கட்டினால் இது நிச்சயம் வரும். எம்பெட்-டிஎல்எஸ் பின்புலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இதையும் மீறி எக்ஸ்பியில் பிழை வந்தால், பிழைச் செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடும். 'செல்லுபடியாகும் வின்32 அப்ளிகேஷன் அல்ல' என்று வந்தால், ஒன்று 64-பிட்டில் கம்பைல் ஆகியிருக்கிறது. அல்லது எக்ஸ்இயின் தலைப்பகுதியில், குறைந்தபட்சம் எந்த விண்டோஸ் வேண்டும் என்று சொல்லும் சப்சிஸ்டம் எண் 6.0 ஆக இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கம்பைலர் தொகுப்பான விஷுவல் ஸ்டுடியோவில் 2012 பதிப்பிலிருந்து இந்த இரண்டாவது வகை சகஜம், எக்ஸ்இயைக் கோக்கும் லிங்கரிடம் 5.01 என்று சொன்னால் தீரும். 'புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்டைக் காணோம்' என்று வந்தால், எக்ஸ்பியில் இல்லாத ஒரு ஃபங்ஷன் கேட்கப்படுகிறது; எது என்று பெயரும் அதிலேயே இருக்கும். எதுவும் சொல்லாமல் சி000001டி என்ற குறியீட்டோடு விழுந்தால், பிராசஸருக்குத் தெரியாத கட்டளை வந்திருக்கிறது. பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி, தொழிற்சாலை போர்டுகளில் வரும் வியா சி3 ஆகியவற்றில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. விர்ச்சுவல் மெஷினில் இது பிடிபடாது. அங்கே ஓடுவது உங்கள் புதிய பிராசஸர்தானே. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைனில் ஓடுகிறது என்பதும் சான்று ஆகாது. எக்ஸ்பி என்று அமைத்தாலும் அது புதிய ஃபங்ஷன்களை எடுத்துக் கொடுத்துவிடும்.

இல்லாத ஃபங்ஷனுக்கு மாற்று எழுதும் இடத்தில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். கணினி எழுந்ததிலிருந்து கடந்த மில்லிசெகண்டை 64 பிட்டில் தரும் கெட்-டிக்-கவுண்ட்-64 எக்ஸ்பியில் இல்லை. பழைய 32-பிட் கெட்-டிக்-கவுண்டை அந்த இடத்தில் போட்டால் கம்பைல் ஆகும், ஓடும், சோதனையில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த எண் 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். எடைமேடைக் கணினியை யாரும் மாதக்கணக்கில் அணைப்பதில்லை. 'இப்போதைய நேரம் கெடுவைத் தாண்டிவிட்டதா' என்று நேரடியாக ஒப்பிடும் நிரல், அந்தத் தருணத்தில் கெடு முடியும் முன்பே துண்டித்துக்கொள்ளும்; இல்லையேல் முடிவில்லாமல் காத்துக் கிடக்கும். குறியில்லா (எதிர்மறை ஆகாத) 32-பிட் எண்ணாகவே வைத்து, இப்போதைய மதிப்பிலிருந்து தொடக்க மதிப்பைக் கழித்து, அந்த வித்தியாசத்தைக் கால அளவோடு ஒப்பிட்டால் எண் சுற்றி வந்தாலும் விடை பிசகாது. மாற்று ஃபங்ஷன்களை நிரல் முழுக்கத் தூவாமல் ஒரே கோப்பில் வையுங்கள். ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஓடும்போதே கெட்-ப்ராக்-அட்ரஸ் வழியாகக் கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் மாற்றுக்குப் போனால் ஒரே எக்ஸ்இ விண்டோஸ் 10-லும் ஓடும்.

இதைவிட ஆபத்தான குறுக்குவழி ரேண்டம் எண்ணில் இருக்கிறது. ரேண்டம் எண் தரும் 'பிகிரிப்ட்' எக்ஸ்பியில் இல்லை என்றதும் சி மொழியின் சாதாரண ரேண்ட் ஃபங்ஷனைக் கடிகார நேரத்தால் தொடங்கிவிட்டு ஒப்பேற்றுகிறார்கள். இணைப்பு பாதுகாப்பானதாகவே காட்சியளிக்கும்; சாவியோ எளிதில் ஊகிக்கக்கூடியது. எக்ஸ்பியின் அட்வபி32-க்குள் கிரிப்ட்-ஜென்-ரேண்டம் இருக்கிறது. அதைத்தான் அழைக்க வேண்டும்.

எச்டிடிபிஎஸ் பக்கம் போனால் எக்ஸ்பியின் சொந்த மறையாக்கப் பகுதியான எஸ்சானலை ஒதுக்கிவிடுங்கள். அது எச்டிடிபிஎஸ்-க்கு அடிப்படையான டிஎல்எஸ் நெறிமுறையில் பழைய 1.0 பதிப்பைத் தாண்டாது, ஒரே ஐபி முகவரியில் பல தளங்களை வைத்திருக்கும் சர்வரிடம் எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. சர்வரை நம்பலாமா என்று பார்க்க எக்ஸ்பியிடம் இருக்கும் ரூட் சான்றிதழ்களும் காலாவதியானவை. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் பல காலம் சார்ந்திருந்த பழைய ரூட் 2021 செப்டம்பர் 30-இல் முடிந்தபோது எத்தனையோ பழைய கருவிகள் திணறின. புதிய சான்றிதழ்த் தொகுப்பை எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்துவிட்டால் கர்ல் எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை வந்தால், நிரலைக் குடையும் முன் டாஸ்க்பாரில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். கணினி பழைய ஆண்டு ஒன்றில் நின்றுகொண்டிருக்கும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் தமிழ்க் கோப்புப் பெயர்கள். விண்டோஸில் தமிழுக்கென்று ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் (பழைய நிரல்கள் நம்பியிருக்கும் எழுத்து அட்டவணை) கிடையாது. தமிழ் முழுக்க யூனிகோட் வழிதான். ஆனால் லினக்ஸிலிருந்து வரும் பெரும்பாலான நிரல்கள் சி மொழியின் சாதாரண எஃப்ஓப்பன் ஃபங்ஷன் மூலமே கோப்பைத் திறக்கும். 'மார்ச் கணக்கு' என்ற பெயர் அந்த வழியில் போகும்போது ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. ஆகவே கோப்பு கண்முன்னே இருந்தும் 'இல்லை' என்று பதில் வரும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து எக்ஸ்இயோடு சேர்க்கும் மேனிஃபெஸ்ட் குறிப்பில் யூடிஎஃப்-8 (யூனிகோடின் ஒரு வடிவம்) என்று எழுதினாலே இது தீர்ந்துவிடும். எக்ஸ்பியில் அந்த வசதி இல்லை. பெயரை யூடிஎஃப்-8-இலிருந்து விண்டோஸ் உள்ளே பயன்படுத்தும் யூடிஎஃப்-16-க்கு மாற்றி, அதை ஏற்கும் 'அகல எழுத்து' வகை ஃபங்ஷனால் திறக்க வேண்டும். கர்லை யூனிகோட் பில்டாகக் கட்டினால் அதுவே இதைச் செய்யும். கன்சோலில் (கட்டளைத் திரையில்) தமிழைக் காட்ட முயன்று, யூடிஎஃப்-8-க்கான 65001 கோட்பேஜுக்கு மாறாதீர்கள். எக்ஸ்பியில் அதன்பின் பேட்ச் (கட்டளைத் தொகுப்பு) கோப்புகளே ஓடாது. பதிவுகளை ஒரு லாக் கோப்பில் எழுதி நோட்பேடில் திறந்து பார்ப்பதே மேல்.

நோட்பேடிலும் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் நிரலைக் குறை சொல்ல வேண்டாம். கன்ட்ரோல் பேனலின் ரீஜனல் அமைப்பில், மொழிகள் தாவலில், காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் கோப்புகளை நிறுவும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்தால் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி இல்லாவிட்டால் அதிலுள்ள ஐ386 ஃபோல்டரின் நகல் போதும். ரீஸ்டார்ட் ஆனதும் லதா எழுத்துருவில் தமிழ் ஒழுங்காக வரும்.

எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்ப்பதாகச் சொல்லி எக்ஸ்பியின் கெர்னல்32-ஐயே மாற்றும் தொகுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. விளையாட்டுக் கணினிக்குப் பரவாயில்லை. கருவியின் டிரைவர் ஓடும் கணினியில் அதைத் தொடவே கூடாது. சிஸ்டம் கோப்பில் கைவைத்தபின் கருவி தப்பான அளவு காட்டினால் யாரைக் கேட்பது? எந்த வேலைக்கும் முன்னால் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் இமேஜாக எடுத்து வையுங்கள்.

கர்லைக் கட்டியாகிவிட்டது என்பதற்காக எக்ஸ்பியை இன்டர்நெட்டில் விடுவதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல. அதை உள் சர்வர் ஒன்றோடு மட்டும் பேசவிடுங்கள். ரவுட்டரில் மற்ற போக்குவரத்தை வெட்டிவிடுங்கள். எக்ஸ்பியிலும் ஃபைல் ஷேரிங்கை அணைத்துவிடலாம். கோப்பை அனுப்புவதற்கு இனி அது தேவையில்லை.

கடைசியாக, பராமரிப்பு. புதிய வெளியீட்டை எடுக்கும் முன் அதற்குக் குறைந்தபட்சம் எந்த விண்டோஸ் வேண்டும் என்று அதன் குறிப்பில் பாருங்கள். மென்பொருள் திட்டங்கள் எக்ஸ்பி ஆதரவைப் பல நேரம் ஒன்றிரண்டு கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) தான் நீக்குகின்றன. மூலநிரல் மாற்றங்களைப் பதியும் கிட்டின் வரலாற்றில் 0501 என்று தேடினால் அந்த இடம் அகப்படும். அதைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடியும். திருத்தங்களைத் தனிக் கிளையில் வைத்து, பாதுகாப்பு வெளியீடு வரும்போதெல்லாம் அதன்மேல் பொருத்திக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் வரும் கோளாறை மூலத் திட்டத்தாரிடம் புகாராகப் பதியாதீர்கள். விட்டுவிட்டோம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தில் உள்ள நிரலைத் திருத்தி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடைக்காரர்கள், திருத்திய மூலநிரலையும் கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். எக்ஸ்இயோடு அதே பென் டிரைவில் மூலநிரலையும் போட்டுக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்படிக்கு,
தொழிற்கூடக் கணினிப் பராமரிப்பில் இருப்போர்,
கோயம்புத்தூர்