ஈயச் சிப்பாய்களுக்கு ஒரு மேசை

ஆசிரியருக்கு வணக்கம்.

நவராத்திரிக் கொலுவில் சிப்பாய் பொம்மைகளை வரிசையாக அடுக்கும் நம் சென்னையில், வரலாற்றுப் படைவீரர்களின் சிற்றுருவங்களைச் சேகரிப்பவரைச் சிறுபிள்ளைத்தனமாகப் பார்ப்பது வேடிக்கைதான். 1893இல் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையால் விலையைக் குறைத்த பின் பரவிய, 54 மில்லிமீட்டர் அளவுள்ள அவ்வுருவங்களில், தலைப்பாகையின் நிறமும் சட்டைக் கைப்பட்டியின் நிறமும் படைப்பிரிவை அடையாளம் காண உதவும். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் 1760ஆம் ஆண்டின் வந்தவாசிப் போரை இத்தகைய உருவங்களால் மேசைமீது அமைத்தால், பாடநூலில் ஒரே வரியில் கடந்துபோகும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலி ஆகியோரின் படைகளின் மோதல் மாணவர்களுக்குக் கண்முன் விரியும். பழைய ஈய உருவங்கள் குழந்தைகள் கைக்கு உரியவையல்ல. மரப்பேழையும் ஆகாது, மரத்தின் அமில ஆவி பட்டால் ஈயம் வெண்பொடியாக உதிரும். எனவே புதிய பிளாஸ்டிக் உருவங்களே இதற்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை