ஐப்பசிக்கு முன் இரண்டு பைகள்

குன்னூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

நீ பழையதாக வாங்கிய இரண்டு தோல் பைகளின் போட்டோ எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்புப் பை நல்ல பை, கொடுத்த காசுக்கு மேலே. கறுப்புப் பை வெளியே மிடுக்கு, உள்ளே நோயாளி. இரண்டையும் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடு. இங்கே குன்னூரைப் போலவே உன் கொடைக்கானலுக்கும் வடகிழக்குப் பருவமழைதான் கனம். அது இறங்கிவிட்டால் டிசம்பர் வரை வீட்டுக்குள் எதுவும் ஒழுங்காகக் காயாது. பழைய தோலைச் சரிசெய்வதில் பாதி வேலை காய வைப்பதுதான்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டிருந்தாய். தடவாதே. அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறைகிற சாமான். உன் சமையலறை பாட்டிலிலேயே வருஷத்தில் பாதி நாள் கட்டியாகத்தானே நிற்கிறது? சூடு காட்டித் தடவினால் தோலுக்குள் இறங்கும், ராத்திரிக் குளிரில் உறைந்து மேலே வெள்ளையாகப் பூக்கும். நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் அவ்வளவு சீக்கிரம் உறையாது, ஆனால் நாளாக ஆகக் காறல் வாடை வரும், தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும், பூசணத்துக்கும் தீனியாகும். பழைய பைகள் வயதாகிக் கெடுவதைவிட, வாங்கினவர்கள் ஆசையாக எதையாவது தடவிக் கெடுவதுதான் அதிகம்.

பழுப்புப் பையின் மடிப்பில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது பூசணமாகவும் இருக்கலாம், முன்னே வைத்திருந்தவர் தடவிய கொழுப்பு வெளியே வந்ததாகவும் இருக்கலாம். போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளி, அரை நிமிஷம் காட்டிப் பார். வெள்ளை உருகி, அந்த இடம் ஈரம் பட்ட மாதிரி மினுங்கினால் கொழுப்பு. சூடு ஆறுவதற்குள் பழைய பனியன் துணியால் ஒற்றி எடு. மறுநாள் மறுபடி பூக்கும், மறுபடி ஒற்று. மூன்று நான்கு தடவையில் அடங்கிவிடும். வெள்ளை அப்படியே நின்றால், பஞ்சு மாதிரி நூல்நூலாகத் தெரிந்தால், மூக்கருகே வைத்ததும் மழைக்காலத்து மண் வாடை அடித்தால், பூசணம்.

பூசணம் என்றால் பையை வீட்டுக்குள் தட்டாதே. அந்தத் தூள் பறந்து போய் உன் கம்பளிச் சால்வையில் உட்காரும். வெளியே எடுத்துப் போ, மாஸ்க் போட்டுக்கொள், மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளி விடு. பிரஷ்ஷை அங்கேயே சுடுதண்ணீர் சோப்பில் அலசிவிடு. பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் ஆறவைத்த வெந்நீரும் சமபங்கு கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடை. இந்த ஸ்பிரிட் நிறத்தைக் கிளப்பக்கூடியது. முதலில் மூடிக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சோதித்துப் பார். துணியில் பழுப்பு ஏறினால் ஸ்பிரிட்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள். தையல் ஓரங்களையும் பாக்கெட்டின் அடி மூலைகளையும் விட்டுவிடாதே, திரும்பி வருவது அங்கிருந்துதான்.

துடைத்ததும் வாயைத் திறந்து வைத்து, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள். மலை வெயில் இதமாகத் தெரியும், ஆனால் நிறத்தை உரித்துவிடும். ஹீட்டர், கரி அடுப்பு பக்கமே வேண்டாம். ஈரத் தோல் சூட்டில் சுருங்கினால் திரும்ப நீளாது. காயும்போது வடிவம் நிற்க உள்ளே பழைய வேட்டித் துணியைத் திணி. செய்தித்தாள் ஈரத்தை நன்றாக இழுக்கும்தான், மை லைனிங்கில் ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்த பிறகுதான் கழுவுகிற வேலை. அதற்கு முன் தோல் எந்த ரகம் என்று தெரிய வேண்டும். அடிப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, தைரியமாகத் துடைக்கலாம். அரை நிமிஷத்தில் உள்ளே போய்க் கறுத்தால் பூச்சில்லாத தோல், அதற்கு ஈரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உன் பழுப்புப் பையின் வெட்டு விளிம்பு உள்ளேயும் பழுப்பாகத் தெரிவதால் மரப்பட்டையில் பதனிட்டது என்று நினைக்கிறேன். குரோம் உப்பில் பதனிட்டது உள்ளே சாம்பல் நீலமாக இருக்கும். முன்பெல்லாம் நம் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். அப்புறம் வாட்டில் வந்தது. நீலகிரியிலும் உங்கள் பழனி மலையிலும் சரிவெல்லாம் நிற்கிற சீகை மரம்தான் அது, பட்டைக்காக வளர்த்தது. இந்த வகைத் தோலில் ஈர இரும்பு பட்டால் மை கொட்டினது போலக் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம். அதனால் இரும்புச் சட்டியில் தண்ணீர் வைக்காதே, ஸ்டீல் நாரைக் கிட்டே கொண்டுவராதே, துருப்பிடித்த பக்கிள் இருந்தால் முதலில் அதைக் கழற்று.

200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு அரை டீஸ்பூன். நுரைக்க அடித்து, நுரையை மட்டும் துணியில் எடு. துணி வெள்ளையாக இருக்கட்டும், அழுக்கு வருகிறதா, நிறம் வருகிறதா என்று அதுதான் சொல்லும். துணி சோப்பும் ஆப்ப சோடாவும் காரம். தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலம், காரம் பட்டால் விறைத்து வெடிக்கும். கறை இருக்கிற இடத்தை மட்டும் துடைக்காதே. ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் ஒரே ஈரமாகத் துடை. நடுவில் மட்டும் நனைத்தால் ஈரம் நின்ற எல்லையில் வளையமாகக் கறை விழும், அதை எடுப்பது பழைய கறையை எடுப்பதைவிடக் கஷ்டம். அப்புறம் வெறும் தண்ணீர்த் துணி ஒரு தடவை, உலர்ந்த துணி ஒரு தடவை. எண்ணெய்க் கறைக்குத் தண்ணீரே வேண்டாம், சோள மாவைக் குவித்து ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தட்டு. பால்பாயிண்ட் கீறல் ஒன்று பார்த்தேன். பூச்சில்லாத தோலில் அதை எடுக்கப் போனால் கீறல் திட்டாகும். இருக்கட்டும் விடு.

வாடைக்கு ஆப்ப சோடா நல்லதுதான், தோலில் படாமல். மெல்லிய துணியில் 100 கிராம் முடிந்து பைக்குள் போட்டு வாயை மூடி இரண்டு நாள் வை. போகவில்லை என்றால் அடுப்புக் கரியை அதே மாதிரி ஒரு வாரம். பாச்சா உருண்டை போட்டால் பிறகு அந்த வாடையை எடுக்க இன்னொரு கடிதம் எழுத வேண்டும். மலையில் எதற்கெடுத்தாலும் நீலகிரித் தைலம் என்பார்கள். அது வாசனையைப் போர்த்துமே தவிர எடுக்காது, பூச்சையும் பசையையும் கரைக்கும். ஒரு இடத்தில்தான் உதவும்: பக்கிளில் ஒட்டியிருக்கிற விலை ஸ்டிக்கர் பசையை எடுக்க, பஞ்சில் ஒரு சொட்டு, தோலில் படாமல்.

ரிவெட்டைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி இருக்கிறதே, அது பித்தளையும் தோலில் உள்ள கொழுப்பும் சேர்ந்து உண்டான களிம்பு. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடு, மரக் குச்சிதான், ஊசி வேண்டாம். பிறகு சுற்றிலும் தோலை டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பிராசோ பாலிஷ். ஆனால் அசல் பித்தளைக்குத்தான் பிராசோ. முலாம் பூசினதைத் தேய்த்தால் ஐந்தே நிமிஷத்தில் உள்ளே இருக்கிற வெள்ளை உலோகம் பல்லைக் காட்டும். கறுப்புப் பையின் பூட்டு ஓரத்தில் ஏற்கெனவே காட்டுகிறது, அதை வெறும் ஈரத் துணியோடு விட்டுவிடு. புளி, எலுமிச்சை எதற்கும் வேண்டாம்.

லெதர் கிரீம் கடைசியில், எல்லாம் காய்ந்த மறுநாள். நிறமில்லாதது, முழுப் பைக்கும் அரை டீஸ்பூன் போதும். கிரீமைத் துணியில் எடுத்துத் தேய், நேராகத் தோலில் வைக்காதே. 12 மணி நேரம் கழித்து வறண்ட துணியால் மெருகேற்று. கை வைத்தால் பிசுபிசுத்தால் அதிகம் போட்டுவிட்டாய். ஷூ பாலிஷ் வேண்டாம், அதன் நிறம் உன் வெள்ளைச் சுடிதாரின் இடுப்பில்தான் போய்ச் சேரும்.

இனி கறுப்புப் பை. உள்ளே கை விட்டால் ஒட்டுகிறது, கறுப்புத் துகள் விரலில் வருகிறது என்றாயே, அது அழுக்கு இல்லை. லைனிங்கின் மேல் இருந்த பாலியூரித்தேன் பூச்சு காற்று ஈரத்தில் சிதைந்து போயிருக்கிறது. துடைத்தாலும் சரி, பவுடர் போட்டாலும் சரி, ஒரு மாதத்தில் மறுபடி ஒட்டும். லைனிங்கை மாற்றுவதுதான் வழி. பையின் வாயைச் சுற்றியுள்ள தையலை மட்டும் பிளேடால் ஒன்றுவிட்டு ஒன்றாக அறுத்துப் பிரி. தோலில் ஏற்கெனவே இருக்கிற துளைகள் கிழியக் கூடாது, புதுத் தையலும் அதே துளையில்தான். லைனிங்கை முழுதாக வெளியே இழுத்து, தையல் பிரித்து, செய்தித்தாளில் படிய வைத்து வரைந்துகொள். அதுதான் உன் வெட்டு அளவு. புதுத் துணிக்கு நெருக்கமாக நெய்த காட்டன் டிரில் அரை மீட்டர் போதும். வெளிர் நிறமாக எடு, சாவி கண்ணில் படும். பை போலத் தைத்து உள்ளே இறக்கி, வாய் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் சொல்யூஷன் பசையைத் துணியிலும் தோலிலும் மெலிதாகத் தடவு. உடனே ஒட்டாதே. பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வரும், அப்போது அழுத்து. மூடுபனி நாளில் அந்தப் பதம் வர அரை மணிகூட ஆகும். ஜன்னலைத் திறந்து வை, அடுப்பை அணைத்துவிடு.

தோள்வார் பிரிந்த இடத்துக்கு 0.8 மில்லிமீட்டர் மெழுகு நூல், முனை மழுங்கிய ஊசி இரண்டு. கேத்தி ஊசி ஆலையின் ஊசி ஒரு பாக்கெட் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுத்து, இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசியை விட்டு இழு. மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையே பிரியும், இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்பும் ஒரே இறுக்கமாக இருக்கட்டும். முடிவில் மூன்று துளை பின்னால் வந்து நூலை ஒட்ட வெட்டி லைட்டரால் ஒரு தொடுதல்.

மூலைகளில் நிறம் போனதற்கு அக்ரிலிக் லெதர் பெயின்ட். ஸ்பிரிட்டால் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி நான்கைந்து மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் காய சமவெளியில் அரை மணி, உனக்கு ஒரு மணி. தடிமனாக ஒரே பூச்சு போட்டால் மடியும் இடத்தில் செதிலாக உரியும். காய்ந்தால் நிறம் கொஞ்சம் கறுக்கும், ஈரத்தில் பார்த்து முடிவு பண்ணாதே. கடைசியில் மேட் ஃபினிஷர் (மினுங்காத மேல்பூச்சு) ஒன்று, பிறகு ஒரு வாரம் தோளில் மாட்டாதே. பெயின்டும் நூலும் சென்னையில் பெரியமேட்டில் கிடைக்கும், அந்தப் பக்கம் யாராவது வந்தால் சொல்லி விடு.

முடிந்ததும் பழைய தலையணை உறையில் போட்டு வை, பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ என்றால் நாலு விரல் முன்னே இழுத்து விடு, மலை வீட்டு வெளிச்சுவர் மழையில் உள்ளேயும் வியர்க்கும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வை. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்கு விருந்து. பீரோவில் ஒரு தட்டுக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரம் இழுக்கும் மணிகள், ஆரஞ்சு நிறத்தது. பச்சையானதும் வாணலியில் சிறு தீயில் கிளறு, ஆரஞ்சு திரும்பினால் மறுபடி வைக்கலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதே. இங்கே பீரோவுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு எரிய விடுவார்களே, அது பழைய குண்டு பல்பாக இருந்தால்தான் சூடு தரும், எல்இடி வெளிச்சம் மட்டும். துணி, பை எதுவும் அதில் படாத தூரத்தில் இருக்க வேண்டும்.

லைனிங்கைப் பிரித்ததும் வரைந்த காகிதத்தைப் போட்டோ எடுத்து, நீளம் அகலம் எழுதி அனுப்பு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடு. இங்கே சாம்பல் நிற டிரில் துண்டு ஒன்று இருக்கிறது, ஓரம் விட்டு வெட்டி, ஊசி பாக்கெட்டோடு புதன்கிழமை கூரியரில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா