அக்காவுக்கு, "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிற வீடுகளைப் பற்றி

சிட்னி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. "அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லாமே அரசாங்கம் கொடுக்கிறதாமே, அப்புறம் அவர்களைப் பார்த்துக்கொள்கிற உன் வேலை ஏன் பாரமாக இருக்கிறது என்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். வட்டார வள மையத்திலிருந்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் நீ. உனக்குச் சொன்னால் பாதியிலேயே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்திரேலியாவில் இருக்கும் திட்டத்துக்கு என்.டி.ஐ.எஸ்., அதாவது தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர். 2013-இல் சில இடங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. ஒவ்வொருவரின் தேவையையும் பார்த்து அவர் பெயரிலேயே ஒரு தொகை ஒதுக்குவார்கள். சக்கர நாற்காலி, பேச்சுப் பயிற்சி, குளிக்கவைக்க ஆள், வெளியே கூட்டிப்போக ஆள், எல்லாம் அதிலிருந்து. எந்த நிறுவனத்தின் ஆள் வரவேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கலாம். ஆறு லட்சம் பேருக்கு மேல் இதில் இருக்கிறார்கள். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறவர்கள் நூற்றுக்கு 22 பேருக்கு மேல். வேறு மொழி, வேறு பண்பாட்டிலிருந்து வந்தவர்கள் திட்டத்தில் 9 சதவீதம் அளவில்தான் இருக்கிறார்கள். இதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, சரிசெய்வதற்கென்று 2024-இல் தனியாக ஒரு செயல்திட்டமும் வெளியிட்டிருக்கிறது.

ஏன் இப்படி என்று பார்த்தால், பல வீடுகளில் முதல் சந்திப்பிலேயே விஷயம் கெட்டுவிடுகிறது. நான் வேலை செய்யும் மேற்கு சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர்கள் உண்டு. ஒரு வீட்டில் இருபது வயதுப் பையன். நடக்கமாட்டான். பேச்சும் கொஞ்சம்தான். திட்டம் வகுக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். மரியாதையானவர். "ராத்திரி யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார். "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார் அம்மா. "குளிக்கவைப்பது?" "நாங்களேதான்." "சிரமமாக இல்லையா?" "பெற்ற பிள்ளை, இதில் என்ன சிரமம்!"

அக்கா, அந்த அம்மாவால் வேறு எப்படிச் சொல்ல முடியும்? முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னால், பிள்ளையும் பக்கத்தில் இருக்கும்போது, இவனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது என்று நம் வீடுகளில் யார் சொல்வார்கள்? ஆனால் இங்கே சட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது. குடும்பத்தார் செய்வார்கள் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் உதவியை முடிவுசெய்ய வேண்டும். அம்மா சொன்ன பதில் அப்படியே காகிதத்தில் ஏறியது. குடும்ப ஆதரவு பலமாக இருக்கிறது என்று எழுதினார்கள். ராத்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை, தூக்கும் கருவியும் கிடைக்கவில்லை. மறுபரிசீலனைக்கு எழுதிப்போட்டு, சிகிச்சையாளர் வந்து அளந்து பார்த்து, கருவி வந்துசேர்வதற்குள் அந்த அம்மாவுக்கு முதுகுவலி நிரந்தரமாகிவிட்டது.

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கேட்கும் முறையைத்தான் மாற்றவேண்டும் என்கிறேன். "சிரமமாக இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்? அவனைத் தனியாகத் தூக்கினீர்களா, யாராவது கூடப் பிடித்தார்களா? நீங்கள் காய்ச்சலில் படுத்தால் யார் தூக்குவார்கள்?" என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும். இப்போது நான் போகிற வீடுகளில் அதிகாரி வருமுன்பே அம்மாக்களை உட்காரவைத்து ஒரு வாரத்து நாட்குறிப்பு எழுதச் சொல்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது உதவி கேட்கிற கூச்சமும் குறைகிறது.

மொழி விஷயத்தில் இந்த நாட்டை மெச்சத்தான் வேண்டும். 131 450 என்ற எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். 1973-லிருந்தே நடக்கிற சேவை, நூற்றைம்பது மொழிகளுக்கு மேல். தமிழும் உண்டு. அப்படியிருந்தும் பல இடங்களில் பள்ளிக்கூடம் போகிற தங்கையை நிறுத்திவைத்து, அண்ணனின் நோயைப் பற்றி டாக்டர் சொல்வதை அம்மாவிடம் சொல்லச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தை சுமக்கக்கூடாத சுமை அது. இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்றாலே சில குடும்பங்கள் பயப்படுகின்றன. முருகன் கோயிலில் பார்க்கிற முகமாக இருந்துவிட்டால்? மூத்த பெண்ணின் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இது சின்ன விஷயமா, சொல். அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள் என்பது தொழில் விதி. ஆனால் பயம் விதியைக் கேட்பதில்லை. வேறு ஊரிலிருக்கும் மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து, வீட்டார் பெயரைச் சொல்லாமல் பேசவைத்தால் தயக்கம் தீர்ந்துவிடுகிறது. இது ஒன்றும் பெரிய செலவில்லை. யாராவது நினைத்துப் பார்த்துச் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போன ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. இங்கே விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை நிலை பிரித்திருக்கிறார்கள். உலகளாவிய முறை அது. இவருக்கு 4-ஆம் நிலை, அதாவது கட்டியே இல்லாத மசியல். கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல், உருக்குலையாமல் மொத்தமாக வழுக்கி விழவேண்டும். நிறுவனத்திலிருந்து தினம் உருளைக்கிழங்கு மசியலும் அரைத்த இறைச்சியும் வரும். ஐயா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "உணவை மறுக்கிறார்" என்று குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எடை குறைந்தது. குழாய் வழியாக உணவு கொடுக்கலாமா என்கிற பேச்சுகூட வந்தது.

நான் பேச்சு சிகிச்சையாளரைப் பிடித்தேன். அவர் வியட்நாமியக் குடும்பத்துப் பெண், சிட்னியின் கபிரமட்டா பகுதியில் வளர்ந்தவர். சாப்பாட்டின் அருமை தெரிந்தவர். இரண்டு பேரும் ஐயாவின் மனைவியோடு அடுக்களையில் நின்றோம். சோற்றை அரைத்தால் பசையாகிவிடும், தொண்டையில் ஒட்டும், ஆபத்து. அதை விட்டோம். பருப்பைக் கடைந்து நெய் விட்டு சல்லடையில் வடித்தோம், சரியாக வந்தது. பூசணி, சரி. கேழ்வரகுக் கூழை வடித்துப் பதம் பார்த்துக் கிண்டினால் கரண்டிச் சோதனையில் தேறிவிட்டது. ரசம் தண்ணீர்போல ஓடும் என்பதால், அவருடைய பானங்களுக்கென்று சிகிச்சையாளர் எழுதிக்கொடுத்த கெட்டிப்படுத்தும் தூளை அதிலும் அளந்து கலக்கவேண்டியிருந்தது. மிளகு, சீரக வாசனை அப்படியே இருந்தது. நிமிர்ந்து உட்காரவைத்து ஒவ்வொரு வாயாகக் கொடுத்தோம். கிண்ணம் காலியானது. அந்தச் செய்முறையை அளவோடு எழுதி அவருடைய உணவுத் திட்டத்தில் சேர்த்தாயிற்று. இப்போது வேறு ஆள் வேலைக்கு வந்தாலும் அதே ரசம்தான் அவருக்குக் கிடைக்கும். அதுதான் எனக்கு முக்கியம். ஒரு தமிழ்ப் பெண் வேலைக்கு இருந்தால் ரசம், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு என்று இருக்கக்கூடாது.

வேலைக்கான சான்றிதழ்ப் படிப்பில் பலவகை மனிதர்களோடு பணியாற்றுவது என்று ஒரு பாடமே கட்டாயமாக உண்டு. நல்லதுதான். ஆனால் சில நிறுவனங்களில் அது இந்துக்கள் இப்படி, முஸ்லிம்கள் இப்படி, வியட்நாமியர் இப்படி என்று ஒரு பட்டியலோடு நின்றுவிடுகிறது. நான் படித்ததிலேயே மனதில் நின்றது நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வகுத்த வழி. 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் கல்வியிலேயே அதைச் சேர்த்தார்கள். பராமரிக்கிறவர் முதலில் தன் பழக்கத்தையும் தன் கையிலிருக்கும் அதிகாரத்தையும் பார்க்கவேண்டும், கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லவேண்டியவர் அதைப் பெறுகிறவர்தான் என்றார் அவர். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் அதை முன்பே செயலில் காட்டியிருக்கிறார்கள். 1971-இல் சிட்னி ரெட்ஃபெர்னில் தங்கள் சமூகத்தின் பொறுப்பிலேயே ஒரு மருத்துவ மையத்தைத் தொடங்கினார்கள். பல தலைமுறைகளாகப் பூர்வகுடிப் பிள்ளைகளை அதிகாரிகள் வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன நாடு இது. 2008-இல்தான் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கையில் கோப்போடு ஒருத்தர் வாசலில் நின்றால் அந்த வீடுகளில் என்ன தோன்றும் என்று யோசித்துப் பார். அதனால் அங்கே போகும்போது கோப்பைப் பைக்குள் வைத்துவிட்டு முதலில் உட்கார்ந்து பேசுகிறேன்.

ஆனால் ஒன்று, அக்கா. "எங்கள் வழக்கம்" என்று வீட்டார் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கவும் முடியாது. பார்வையில்லாத ஒரு பெண், வயது இருபத்தைந்து. தனியாக ரயிலில் போகப் பழகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்கிறார் அப்பா. நிறுவனத்தில் ஒருவர், அது அவர்கள் பண்பாடு, நாம் தலையிடக்கூடாது என்று கோப்பை மூடப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்ணும் தமிழச்சிதானே, அவள் விருப்பம் மட்டும் எப்படி நம் பண்பாட்டுக்கு வெளியே போகும்? அப்பாவோடு பலமுறை பேசினோம். இப்போது வெள்ளைக்கோல் பயிற்சியாளரோடு ஸ்டேஷன் வரை போகிறாள். அப்பா பின்னாலேயே நடக்கிறார். ரயில் ஏற இன்னும் சம்மதிக்கவில்லை.

விசா விஷயத்தில் மட்டும் என்னால் சமாதானம் ஆக முடியவில்லை. தற்காலிக விசாவில் ஐ.டி. வேலைக்கு வருகிற நம் குடும்பங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால், இந்தத் திட்டம் அவர்களுக்குக் கிடையாது. நிரந்தர வசிப்புரிமை கேட்டால், பிள்ளையின் மருத்துவச் செலவு அரசுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஊனத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று 1992-இல் சட்டம் போட்ட நாடு, குடியேற்ற விதிகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு வைத்திருக்கிறது. வந்துசேர்ந்த பிறகும் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குப் பெரும்பாலோர் 10 வருடம் காத்திருக்கவேண்டும். எல்லாரையும் அரவணைக்கிறோம் என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன்னால் இதை மாற்றவேண்டும்.

அடுத்த மாதம் இங்கே தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு கூட்டம் வைக்கிறோம், திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல. அம்மாக்கள் வந்துவிடுவார்கள். அப்பாக்களையும் தாத்தா பாட்டிகளையும் எப்படி வரவைப்பது என்றுதான் தெரியவில்லை. பிள்ளையை உள்ளறையில் வைத்துக்கொண்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொன்ன வீடுகளுக்குள்ளேயே நீ போய் உட்கார்ந்திருக்கிறாய். முதல் நாள் அவர்களிடம் என்ன பேசுவாய், யாரிடம் முதலில் பேசுவாய் என்று விவரமாக எழுது. கூட்டத்துக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. எழுத நேரமில்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பு.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை