தனியைப் பாதியாக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வியன்னா நிகழ்ச்சி வீடியோவை உங்கள் டீச்சர் குரூப்பில் போட்டிருந்தார். நீ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது பிடித்தது. மிருதங்கத்தின் வலந்தலை, அந்த வலப்பக்கத் தோல், சுருதி ஏறிக் கிடந்தது பிடிக்கவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. டிசம்பரில் அங்கே அறைக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றில் ஈரமே இருக்காது. தோல் காய்ந்து இறுகினால் சுருதி மேலேதான் போகும். வாசிக்கப்போகும் ஹாலிலேயே அரை மணி முன்னதாக உறையைக் கழற்றி வைத்துவிட்டு, அப்புறம் சுருதி சேர்க்கும் கல்லைக் கையில் எடு. தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ஒட்டுகிற ரவையும் சீக்கிரம் காய்ந்து உதிரும், பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும். ரவை தீர்ந்துபோனாலும் பயமில்லை. அந்த ஊர்க்காரர்கள் ரவையை உருண்டை பிடித்து சூப்பில் போட்டுச் சாப்பிடுகிறவர்கள். மளிகைக் கடையில் 'கிரீஸ்' என்று கேள், கிடைக்கும்.

நான் சொல்ல வந்தது சால்ஸ்பர்க் பற்றி. அங்கே தேவாலயத்தில் வாசிக்கிறீர்களாமே. கல் சுவர், கல் தரை, எங்கேயோ இருக்கும் கூரை. ஒரு சாப்பு போட்டால் அது அடங்கவே சில நொடி ஆகும். வியன்னாவில் முசிக்ஃபெராயின் போய்ப் பார்த்தீர்கள் அல்லவா? 1870இல் திறந்த அந்தத் தங்க மண்டபத்தில் ஆள் நிறைந்திருக்கும்போதும் நாதம் ஏறக்குறைய இரண்டு நொடி நிற்கும். பெரிய தேவாலயங்களில் அதைவிட நீளமாக நிற்கும். மைக் வைத்து வாசித்துப் பழகிய நம் சபா கை அங்கே போய் மேல்காலத்தில் ஓடினால், முன்னால் விழுந்த சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் ஏறி, எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். வாத்தியம் உன் கைக்கடியிலேயே இருப்பதால் உனக்கு மட்டும் அது தெளிவாகக் கேட்கும், அதுதான் ஆபத்து. ரிகர்சலின்போது யாரையாவது கடைசி பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்.

அதனால் தனியை, நீ தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை, பாதியாக்கு. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்தில் இடம் விட்டு விட்டு வாசி. தொப்பியில் இழுக்கும் கும்கியைக் குறை. முடிவில் முத்தாய்ப்பாக ஒரே ஒரு கோர்வை போதும், அதுவும் நடுக்காலத்தில். மைக் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாக டீச்சரிடம் சொல். கை துறுதுறுக்கும்தான், தெரியும். அந்த நாலாம் கால கோர்வையை ஊருக்கு வந்து மொட்டை மாடியில் வாசி, நான் தாளம் போடுகிறேன்.

'சந்ததம் பாஹிமாம்' வாசிக்கும்போது சபையில் யாராவது எழுந்து நின்றால் சிரித்துவிடாதே. இங்கிலாந்து தேசிய கீதமான 'காட் சேவ் த கிங்' மெட்டு அல்லவா? முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்து நோட்டுஸ்வரமாக்கினார். தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டதும் அந்தச் சூழலில்தான். தீட்சிதர் காலத்திலேயே வியன்னாவில் இருந்த பேத்தோவனும் இதே மெட்டை எடுத்துப் பியானோவுக்கு ஏழு வேரியேஷன் எழுதினார், 1804இல் அச்சாகி வந்தது. அதற்கு முன்பே ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் லண்டனில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து, நம் பேரரசருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1797இல் ஒரு கீதம் அமைத்துவிட்டார். அறிமுகம் பேச உன்னைத்தானே சொல்லியிருக்கிறார்கள்? இதைச் சொல். தயவுசெய்து 'ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று மட்டும் ஆரம்பிக்காதே, கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இங்கே மார்கழி சீசன் வழக்கம்போல. எனக்கு மத்தியானக் கச்சேரிகள்தான், கூட்டம் கேண்டீனில் இருக்கிற நேரம். அம்மா எழுதச் சொன்னது: இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள், கூட வந்திருக்கிற சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை நீ வாங்கி வைத்துக்கொள்ளாதே, அது டீச்சர் வேலை. திரும்பும்போது சுருதிக் கல்லைக் கைப்பையில் வைக்காதே, செக்யூரிட்டியில் தகராறு வரும்.

சால்ஸ்பர்க் வாசிப்பை யாராவது பதிவு செய்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வா. போனில் கேட்டால் தொப்பியே காதில் விழுவதில்லை.

அப்பா