சட்டக் கோட்பாட்டு நூல்களை இரவல் தருமாறு வேண்டி மூன்றாம் மனு

பெறுநர்: தலைமை நூலகர் அவர்கள், வட்டார நூலகம், சிங்கப்பூர்
அனுப்புநர்: தங்கள் நூலக உறுப்பினர் (பெயரும் உறுப்பினர் எண்ணும் இணைப்பில்)

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். பகலில் துவாஸில் வேலை பார்த்துக்கொண்டு, லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டப்படிப்பைத் தொலைநிலையில் பயின்றுவரும் நான், அக்டோபரிலும் ஜனவரியிலும் எழுதிய இரு கடிதங்களுக்கும் தானியங்கிப் பதிலைத் தவிர வேறெதுவும் வராததால், இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. சட்டக் கோட்பாட்டு நூல்கள் சென்ற ஆண்டு திறந்த அலமாரியிலிருந்து இருப்பறைக்கு மாற்றப்பட்டன. இடப் பற்றாக்குறை என்றார்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

2. படிவம் கொடுத்து மூன்று வேலை நாள் காத்திருந்தால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு நூல் தருகிறார்கள். அதையும் அங்கேயே அமர்ந்து படிக்க வேண்டும். ஆறு மணிக்கு வேலை முடிந்து, ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி, தாங்கள் நன்கறிந்த அந்த மேம்பாலம் ஏறி இறங்கி, ஈரச்சந்தையைக் கடந்து வந்து சேரும்போது மணி ஏழே முக்கால் ஆகிவிடுகிறது. எட்டரைக்கு நூலைத் திரும்பக் கேட்கிறார்கள்.

3. இதில் என்னை மிகவும் வருத்துவது அந்த ‘ஒரே ஒரு நூல்’ என்பதுதான். இத்துறையில் ஒரு நூல் இன்னொரு நூலுக்குச் சொல்லும் பதிலாகவே எழுதப்படுகிறது. சட்டம் என்பது இறையாண்மை உடையவர் தண்டனை அச்சுறுத்தலோடு இடும் கட்டளை என்றார் ஜான் ஆஸ்டின், 1832இல். அப்படியானால் துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்பவனின் ஆணைக்கும் சட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று 1961இல் வெளியிட்ட தம் நூலில் எச். எல். ஏ. ஹார்ட் வினவி, சட்டத்தை விதிகளின் அமைப்பாக விளக்கினார். விதிகள் மட்டும் போதா, நீதிபதிகள் நியாயம் சார்ந்த பொதுநெறிகளையும் கொண்டே தீர்க்கிறார்கள் என்று 1967 முதல் அவரை மறுத்தார் ரொனால்ட் டுவார்க்கின். அதற்கு ஹார்ட் எழுதிவந்த மறுமொழி, 1992இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய அந்நூலின் 1994ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் பின்னுரையாக வெளிவந்தது. ஆறு வாரம் அலைந்த பின் என் கைக்கு வந்ததோ, அப்பின்னுரை இல்லாத முதல் பதிப்பு! படிவத்தில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று கோடிட்டே எழுதியிருந்தேன். “ரெண்டும் ஒரே புத்தகம்தானே” என்றார் முகப்பில் இருந்தவர். வாதியின் வாக்குமூலத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதச் சொன்னால் எந்த நீதிபதி எழுதுவார், அம்மையீர்?

4. விலைக்கு வாங்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். வாங்க முடிந்தால் மேம்பாலம் ஏறுவேனா?

5. ‘குறிப்புதவி நூல் வெளியே போகாது’ என்பது தங்கள் விதி. ‘பூங்காவுக்குள் வாகனம் கூடாது’ என்ற விதி, குழந்தை ஓட்டும் பொம்மைக் காரையும் தடுக்குமா என்பது ஹார்ட் எழுப்பும் கேள்வி. பலரும் அன்றாடம் புரட்டும் அகராதிக்காக ஏற்பட்ட விதியை, என்னைத் தவிர எவரும் கேட்டதாகத் தெரியாத நூலின் மீது ஏன் சுமத்த வேண்டும்? விதிவிலக்கு அளிப்பது தங்கள் விருப்பம் என்று சொல்லப்பட்டது. வரம்பற்ற விருப்புரிமை சட்டத்தின் ஆட்சிக்கு முரணானது என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றமே 1988இல் கூறியிருக்கிறது. நூலக இருப்பறைக்காகக் கூறவில்லை என்பதை நான் அறிவேன். சொல் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள்க. மே மாதம் தேர்வு.

ஆகவே ஆஸ்டின், ஹார்ட்டின் இரண்டாம் பதிப்பு, டுவார்க்கின் ஆகிய மூன்று நூல்களையும் ஒருசேர, மூன்று வாரங்களுக்கு மட்டும் இரவல் தருமாறு மீண்டும் வேண்டுகிறேன். இயலாதென்றால், காரணத்தைக் கூறி மனிதர் ஒருவர் கையெழுத்திட்ட பதிலையாவது அனுப்புங்கள். மூன்று நூல்கள், ஒருசேர; இரண்டாம் பதிப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்