ப்ரோநவுன்: பட்டியல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கில இலக்கணத்தின் ப்ரோநவுன், அதாவது பெயருக்குப் பதிலாக வரும் சொல், வகைகளைக் கட்டம் கட்டி வெளியிட்டிருந்தீர்கள். பெர்சனல், பொசஸிவ், ரிஃப்ளெக்சிவ் என்று தொடங்கி ரெசிப்ரோகல் வரை எட்டும் வந்துவிட்டன. ஒரே ஒரு குறை: 'மை', 'மைன்' இரண்டையும் பொசஸிவ் கட்டத்திலேயே போட்டிருக்கிறீர்கள். 'மைன்' பெயருக்குப் பதிலாக நிற்கும். 'மை புக்' என்னும்போது 'மை' பெயருக்கு முன்னால் அடையாகத்தான் நிற்கிறது. 'திஸ்' என்ற சொல்லும் அப்படியே, தனியாக வந்தால்தான் ப்ரோநவுன். 'திஸ் புக்' என்றால் அது வேறு வேலை.

அது போகட்டும். நான் மேலூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பவன். எட்டு வகையையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளை, நோட்டில் 'மை டீச்சர், தே கேம்' என்று எழுதுகிறது. "எங்க டீச்சர் வந்தாங்க" என்று சொல்லி வளர்ந்த பிள்ளை வேறு எப்படி எழுதும்? நமக்கு 'அவங்க' ஒருவருக்கும் வரும், பலருக்கும் வரும். ஆங்கிலத்தில் கலெக்டரே ஆனாலும் ஹீ அல்லது ஷீதான். 'தே' ஒருவரைக் குறிப்பதும் உண்டு. 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்திலோ, ஒருவர் தம்மை அப்படிக் குறிப்பிடச் சொல்லும்போதோ வருவது அது. மரியாதைக்காக வருவதல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் ரிலேட்டிவ், அதாவது ஒரு பெயரோடு அதைப் பற்றிய விவரத்தை இணைக்கும் ஹூ போன்ற சொல். 'நேத்து மாட்டுத்தாவணியில பார்த்த அண்ணன்' என்று நாம் சொல்லும்போது 'பார்த்த' என்ற பெயரெச்சமே வேலையை முடித்துவிடுகிறது. அதுவும் அண்ணனுக்கு முன்னாலேயே. ஆங்கிலத்தில் ஆளை முதலில் சொல்லி, பின்னால் ஹூ போட்டு விவரம் சேர்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கோ ஹூ என்றால் கேள்வி மட்டும்தான். 'தி மேன் ஹூ செல்ஸ் ஜிகர்தண்டா' என்று எழுதிப்போட்டு அர்த்தம் கேட்டேன். "ஜிகர்தண்டா விக்கிறது யாரு?" என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ரிலேட்டிவின் இலக்கணம் வரிக்கு வரி மனப்பாடம்!

'இட் இஸ் ரெயினிங்' என்பதில் வரும் 'இட்' யாரைக் குறிக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அது யாரையும் குறிக்கவில்லை. 'வந்தேன்' என்றாலே நமக்கு 'நான்' உள்ளே வந்துவிடும். ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, ஆள் இல்லையென்றால் 'இட்' உட்காரும். உங்கள் கட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

வாரம் ஒரு வகையை எடுத்து, நம் பேச்சு வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்து விளக்கும்படி அந்தப் பகுதியை எழுதுபவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ரிலேட்டிவை எடுக்கட்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன் வந்தால் நல்லது. எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.