செருப்பை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழுநோய் மிஷனின் 150 ஆண்டுப் பணி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிஷனைத் தொடங்கிய வெல்லஸ்லி பெய்லி 1869இல் அம்பாலாவில் நோயாளிகளைப் பார்த்தது, 1874இல் அயர்லாந்தில் நிதி திரட்டத் தொடங்கியது எல்லாம் சரி. ஆனால் ஐந்து இடத்தில் ‘குஷ்டரோகி’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மிஷனே தன் பெயரிலிருந்த ‘லெப்பர்ஸ்’ என்ற சொல்லை 1965இல் எடுத்துவிட்டது. நமக்கு இன்னும் மனசு வரவில்லை.

இன்னொன்று. பெய்லியிலிருந்து 1981இல் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு (பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது) கட்டுரை ஒரே தாவாகத் தாவிவிட்டது. நடுவில் வேலூர் இருக்கிறது. இந்த மிஷனும் அமெரிக்கத் தொழுநோய் மிஷனும் வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 1955இல் கரிகிரி மருத்துவமனையைத் தொடங்கின. என் அப்பா அங்கே செருப்புத் தைத்தார்.

இந்த நோயில் விரல்கள் அழுகி விழுவதாகத்தான் ஊரே நம்பியது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் வேலை பார்த்தபோது, உணர்ச்சி போனதுதான் மூல காரணம் என்று காட்டினார். வலி தெரியாததால் முள் குத்தினாலும் அதோடேயே நடப்பார்கள், புண் பெரிதாகும். இரவில் எலி கடித்தால்கூட எழுந்திருக்க மாட்டார்கள், அதனால் வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை வளர்க்கச் சொல்லி அனுப்புவார்களாம். அப்பா சொல்லிச் சிரித்த கதை இது. சிரிக்கிற கதையில்லை என்று பின்னால்தான் புரிந்தது.

அந்தக் கால்களுக்கு எம்சிஆர் என்ற மெத்து ரப்பரில் செருப்பு. ஆணி அடிக்கவே கூடாது. ஒட்டித் தைக்க வேண்டும். ஆணி முனை எட்டிப் பார்த்தால் போட்டவருக்குத் தெரியாதே! தைத்து முடித்ததும் அப்பா கையை உள்ளே விட்டுத் தடவுவார். அப்புறம் கட்டைவிரலால் அழுத்துவார், ரப்பர் அமுங்கி எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அந்தச் செருப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். பஸ்ஸில் யாராவது கேட்டால் கரிகிரி என்று சொல்லாதே, காட்பாடி என்று சொல் என்பார் அம்மா. கரிகிரி என்றால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

‘நோய் ஒழிந்தது’ என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா 2005 இறுதியில் எட்டியது உண்மை. ஆனாலும் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறது, உலகக் கணக்கில் பாதிக்கு மேல். அங்கிருந்துதான் நம் ஊழியர்களில் பலர் இங்கே சிங்கப்பூருக்கு வருகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் தேக்காவில் ஒரு தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தேன். முழங்கையில் வெளிறிய திட்டு. ‘தேமல் அண்ணே, ஆறு மாசமா களிம்பு போடுறேன்’ என்றார். எழுந்தபோது டீ கிளாஸ் சரிந்து சூடான டீ அந்தத் திட்டின்மேல் கொட்டியது. கையை இழுக்கவே இல்லை. எனக்குத்தான் பதறியது. அவர் போன கிளினிக்கில் தொட்டுப் பார்க்காமலேயே அரிப்புக்கு மருந்து தந்திருந்தார்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அறையில் யாருக்கும் சொல்லவில்லை. கெஞ்சித்தான் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார், கல்யாணமும் ஆயிற்று.

தேமல்போல் தெரியும் திட்டில் தொடு உணர்ச்சி இல்லையென்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ மருந்து சாப்பிட்டால் குணமாகும் என்ற இரண்டு வரியைக் கட்டுரையில் ஒரு பெட்டிக்குள் போட்டிருக்கலாம். பெய்லியின் பெரிய படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைத்திருக்கும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் ஒரு ஜோடி எம்சிஆர் செருப்பைப் படம் எடுத்துப் போடுங்கள். அப்பா தைத்தது ஒன்று என்னிடம் இருக்கிறது. சொன்னால் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வாசகர்,
ஹவ்காங், சிங்கப்பூர்